ஆறு வட்டாரத்துக்கு ஐந்து குண்டு

எங்கள் ஊர்ச் சங்கம் ஒரு றிவோல்வரைத் தெரிவு செய்ய நான்கு மாதம் எடுத்தது. எனக்கு ஒரு கடிதம் தரவும் அதே நான்கு மாதந்தான். இரண்டும் ஒரே நிகழ்ச்சி நிரலில் இருந்தன. றிவோல்வர் மூன்றாவது விடயம். நான் ஒன்பதாவது.

இது 2009இல் நடந்தது. வன்னியில் சண்டை மே மாதம் முடிந்தது. அதற்கு முந்தின மாதம் என் மனைவி சாந்தா மாத்தளனில் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது செல் விழுந்து செத்துப்போனாள். பதினொரு வயது மகள் தாரணி பக்கத்தில் நின்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதுங்குகுழிக்குள் இருந்த என் தங்கச்சி ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். பிறகு இரண்டு பேரும் கடல்நீரேரித் தண்ணீருக்குள்ளால் கடந்து வவுனியாவில் ஒரு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நான் மூன்று வருடத்துக்கு முன்னரே ரொறன்ரோவுக்கு வந்துவிட்டேன். ஒருவர் முன்னால் போய் மற்ற இருவரையும் எடுப்பது என்று நானும் சாந்தாவும் கதைத்துச் செய்த ஏற்பாடு அது.

தாரணியைக் கனடாவுக்கு எடுப்பதற்கான படிவத்தில் ஒரு பெட்டி இருந்தது. பிள்ளையின் தாய் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். தாய் இல்லையென்றால் மரணச் சான்றிதழ். மாத்தளனில் அந்த ஏப்ரலில் சான்றிதழ் எழுத யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

என் சட்டத்தரணியின் கந்தோரில் ராஜஸ்ரீ என்று ஒரு இளம் பெண்பிள்ளை வேலை செய்தது. சென்னைப் பக்கம். என் கோப்பு அதன் பொறுப்பில் இருந்தது.

"ரெண்டு வழி இருக்கு சார்," என்றது. "உங்க ஊர்ச் சங்கம் மாதிரி பதிவு பண்ணின அமைப்பு ஏதாவது, இந்தக் குடும்பத்தைத் தெரியும், இந்த அம்மா இறந்துட்டாங்கன்னு லெட்டர் குடுக்கலாம். இல்லேன்னா நேர்ல பார்த்தவங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். அக்டோபர் ஒம்பதாம் தேதி வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க."

நேரில் பார்த்தது தாரணி. அதை அந்தப் பதினொரு வயதுக்காரியைக் கொண்டு எழுதுவிப்பதில்லை என்று அந்தக் கதிரையில் இருந்தபடியே தீர்மானித்தேன். ஆகவே சங்கத்துக்குப் போனேன்.

இலந்தையடி நலன்புரிச் சங்கம், கனடா. யூன் மாதக் கூட்டம் ஸ்காபரோவில் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. விளக்கேற்றினார்கள். பிறகு, அழிந்துபோன எமது உறவுகளுக்கு இரண்டு நிமிட மௌனம் என்றார் தலைவர் மகேஸ்வரன். மண்டபம் ஐந்து மணிவரைதான் என்று யாரோ ஞாபகப்படுத்த, நேரங்கருதி அதை ஒரு நிமிடமாக்கினார். அவர் வீடு விற்கும் முகவர். கூட்டத்தில் இருந்த பாதிப்பேர் மார்க்கம், ஸ்ரௌவ்வில் என்ற வசதியான புறநகர்களில் அவரிடம் வீடு வாங்கியவர்கள். நான் வெக்ஸ்போர்ட்டில் ஒரு அறையில் இருந்தேன்.

மூன்றாவது விடயம் வந்தது. ஸ்ரௌவ்விலில் பொருளாளர் வின்சன்ற்றின் வீட்டில் களவு போயிருந்தது. குடும்பமாக ஒரு பிறந்தநாளுக்குப் போன நேரம் பார்த்து வந்து, மனைவி அன்ரனெற்றின் தாலிக்கொடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகு மார்க்கத்தில் இன்னும் இரண்டு வீடு.

தலைவர் எழும்பினார்.

"அங்கை எங்கட சனம் வெறுங்கையோடை நிண்டு அழிஞ்சுது. அந்தப் பிழையை இஞ்சை நாங்கள் விடேலாது. நாலு படுக்கையறை, ரெண்டு கராஜ், வேலை முடிச்ச பேஸ்மன்ற். இதுகளைப் பாதுகாக்கிறது எங்கட வரலாற்றுக் கடமை. ஒரு சின்ன றிவோல்வர், அடக்கமானது, சங்கத்தின்ர பேரிலை வாங்கி, முறை வைச்சு வீட்டுக்கு வீடு குடுப்பம் எண்டது செயற்குழுவின்ர தாழ்மையான அபிப்பிராயம்."

கை தட்டினார்கள். அன்ரனெற் இருந்த இடத்திலிருந்தே சொன்னா: "அண்டைக்கு நாங்கள் பின்கதவு பூட்டேல்லைத் தலைவர்."

"அது வேறை விசயம், அன்ரனெற்."

"பூட்டியிருந்தால் வந்திருக்கமாட்டாங்கள்."

"ஏனைய விடயங்களிலை எடுப்பம்."

எந்த றிவோல்வர், யார் தெரிவு செய்வது என்ற கேள்வி வந்தது. செயலாளர் யேசுரட்ணம் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிச் சபையைப் பார்த்தார். கடைசி வரிசையில் என்னில் வந்து கண் நின்றது.

"எங்கட மோகனசுந்தரம் நிக்கிறார். போஸ்மாஸ்டர். வன்னியிலை பத்து வருசத்துக்கு மேலை இருந்தவர். அவருக்குத் தெரியாத ஆயுதமோ?"

"மாஸ்டர், நான் தபால் கந்தோரிலைதான் இருந்தனான்," என்றேன்.

சபை சிரித்தது. கேலிச் சிரிப்பு அல்ல, மரியாதைச் சிரிப்பு.

"கேட்டியளோ," என்றார் மாஸ்டர். "உள்ளுக்கு இருந்த ஆக்கள் உப்பிடித்தான். வாய் திறக்காயினம்."

"நான் துவக்கைத் தொட்டும் பாக்கேல்லை."

"சரி, சரி. தொடேல்லை," என்று தலைவர் கண்ணைச் சிமிட்டினார். யாரோ எழும்பி முன்வரிசையில் எனக்கு இடம் விட்டார்கள். நான் மறுக்க மறுக்க என் அனுபவம் கூடிக்கொண்டே போனது. மாலை நாலே முக்காலுக்கு நான் சங்கத்தின் ஆயுத ஆலோசகர். ஐந்து மணிக்கு மண்டபத்தைப் பூட்டினார்கள். ஒன்பதாவது விடயம் வரவில்லை.

"உங்கட கடிதம் ஒரு பிரச்சினையும் இல்லை," என்றார் மாஸ்டர், கார்த் திறப்பைச் சுழற்றிக்கொண்டு. "ஒரு தீர்மானம் வேணும். அவ்வளவுதான். அடுத்த கூட்டம்."

நான் அப்போது றஸீன் என்பவரின் பூட்டுக் கடையில் திறப்பு வெட்டிக்கொண்டிருந்தேன். மட்டக்களப்புப் பக்கத்து முஸ்லிம். இங்கே வந்து இருபது வருடம். மறுநாள் நடந்ததைச் சொன்னேன்.

"ஒங்களுக்குத் துவக்குத் தெரியுமா போஸ்மாஸ்டர்?"

"சத்தம் தெரியும்."

"அது போதும் அவங்களுக்கு." கொஞ்ச நேரம் திறப்பை அராவிவிட்டுச் சொன்னார்: "பின்கதவுக்கு ஒரு நல்ல பூட்டும் நீட்டு ஸ்க்ரூ நாலும் போட்டாச் சரி. அரை மணித்தியால வேல. ஆனா பூட்டுக்கு யாரு மாலை போடுவாங்க?"

யூலையில், றிவோல்வருக்கென்று போட்ட உபகுழு, தலைவரின் வீட்டு பேஸ்மன்ற்றில் கூடியது. ஸ்ரௌவ்விலுக்கு பஸ்ஸில் போக முடியாது. வின்சன்ற்றும் அன்ரனெற்றும் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். வழி முழுதும் வின்சன்ற் என்னோடு மெதுவாகவும் அன்பாகவும் கதைத்தார், ஏதோ சொல்லக்கூடாததை நான் சொல்லிவிடுவேன் என்று பயந்தவர் போல.

மேசையில் நிறப்படங்கள் பரப்பிக் கிடந்தன. வெள்ளிநிறம், கறுப்பு, முத்துப்பிடி. நாடகக் குழு ஒன்றிடம் இரவல் வாங்கின, இரும்பில் செய்த மாதிரித் துவக்கு ஒன்றும் இருந்தது. அதை எடுத்து என் கையில் வைத்தார்கள். நான் வேறு என்ன செய்வது? இருபத்திரண்டு வருடப் பழக்கம், உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் பார்த்தேன்.

"அறுநூற்றைம்பது கிராம் வரும்," என்றேன்.

தலைவரின் மனைவி மேலே போய் சமையலறைத் தராசைக் கொண்டுவந்தா. அறுநூற்று நாற்பது.

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். பார்சல் நிறுத்த கை அது என்று விளங்கப்படுத்தினேன். மாஸ்டர் அறிக்கையில் எழுதினதை எனக்கு வாசித்தும் காட்டினார்: 'நிபுணர் ஆயுதத்தைக் கையாண்டு அதன் எடையை உறுதிசெய்தார்.' அன்றோடு நான் மறுப்பதை விட்டுவிட்டேன். களைத்துப்போனேன்.

அடுத்தது அளவு. சுவாமித்தட்டில் படங்களுக்குப் பின்னால் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றார்கள். கத்தோலிக்க வீடுகளில் மாதா சுரூபத்துக்குப் பின்னால். அப்படிச் சின்னதாக இருந்தால் ஐந்து குண்டுதான் பிடிக்கும் என்று படத்தின் கீழே போட்டிருந்தது. அதை வாசித்ததும் மாஸ்டரின் முகம் மாறியது.

"எங்கட ஊரிலை ஆறு வட்டாரமெல்லோ?"

"ஓம்."

"சங்கத்தின்ர வளங்களை வட்டார அடிப்படையிலை சமனாப் பங்கிடவேணும் எண்டு யாப்பிலை கிடக்கு. பன்னிரண்டாம் பிரிவு."

"குண்டையும் வட்டாரத்துக்குப் பங்கிடுறதோ மாஸ்டர்?" என்று வின்சன்ற் கேட்டார்.

"வளம் எண்டால் வளந்தானே."

ஒன்றரை மணித்தியாலம் இதில் போனது. ஆறு குண்டு பிடிக்கிற றிவோல்வர் பெரிதாக இருந்தது, சுவாமித்தட்டுக்குள் போகாது. கடைசியில் தலைவர் ஒரு சமரசம் கண்டுபிடித்தார். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, கோயிலடி, இந்த ஐந்து வட்டாரத்துக்கும் ஆளுக்கொரு குண்டு. கடல்தொழில் செய்கிறவர்களின் கரை வட்டாரத்தை அடுத்தமுறை பார்ப்பது. ஊரில் தெருவிளக்குப் போட்டபோதும், குழாய்த் தண்ணீர் வந்தபோதும் கரை வட்டாரத்தை அடுத்தமுறைதான் பார்த்தார்கள்.

"களவு போனது எங்கட வீட்டிலை," என்றா அன்ரனெற். "நாங்கள் கரை வட்டாரம்."

"நாங்கள் ஒருத்தரையும் ஒதுக்கேல்லை," என்றார் தலைவர். "துவக்கை மாதத்துக்கு ஒருக்கால் எண்ணெய் போட்டுத் துடைக்கவேணும். அந்தப் பொறுப்பை முழுசாக் கரை வட்டாரத்துக்கே குடுக்கிறம்."

அன்ரனெற் தன் தேத்தண்ணிக் கோப்பையை மட்டும் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுக் காருக்குள் போய் இருந்தா.

அந்தக் கிழமை தாரணி யாருடையதோ கைத்தொலைபேசியில் எடுத்தாள். முகாமில் தண்ணீருக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை, தொலைபேசிக்கும் வரிசை.

"எப்ப அப்பா என்னை அங்கை எடுப்பீங்கள்?"

"ஒரு கடிதம் வரவேணும் பிள்ளை."

"நீங்கள் போஸ்மாஸ்டர்தானே," என்றாள். பிறகு லைன் அறுந்துவிட்டது.

ஓகஸ்ட்டில் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. றஸீன் வருடத்துக்கு ஒருதரம் மான் சுடப் போகிறவர்; துவக்குச் சட்டம் தெரியும். அவர் சொன்னார்: "அந்த மாதிரிக் குட்டைக் குழல் நம்மளப் போல ஆக்களுக்கு இந்த நாட்டில இல்ல. வீட்டுப் பாதுகாப்புக்கு எண்டு எழுதினா அந்த விண்ணப்பத்தத் திருப்பி அனுப்பிருவாங்க. கிளப்பில சேர்ந்து குறி பாத்துச் சுடுறதுக்கு எண்டாக் குடுப்பாங்க. அதையும் குண்டில்லாமப் பூட்டி வெக்கணும்."

இதைக் கூட்டத்தில் சொன்னால் மூன்றாவது விடயம் செத்துவிடும், நான்கும் ஐந்தும் ஓடிவிடும், ஒன்பது வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். சொன்னேன். சபை அமைதியாகக் கேட்டது. பிறகு தலைவர் என்னைப் பாராட்டினார். பாருங்கள், ஆலோசகர் சட்டத்தையும் ஆராய்ந்திருக்கிறார் என்றார்.

"அப்ப சங்கத்தையே சுடுற கிளப்பா மாத்துவம்," என்றார் மாஸ்டர். "யாப்புத் திருத்தம் ஒண்டுதானே. 'கல்வி, கலை, பண்பாடு' எண்டு கிடக்கிறதுக்குப் பக்கத்திலை 'குறிபார்த்தல்' எண்டு சேப்பம்."

பூட்டி வைப்பதற்கும் ஒழுங்கு செய்தார்கள். றிவோல்வர் தலைவர் வீட்டில், ஸ்ரௌவ்விலில். அதன் திறப்பு செயலாளர் வீட்டில், மார்க்கத்தில். குண்டுகள் ஐந்தும் அந்தந்த வட்டாரப் பிரதிநிதிகளின் வீட்டில். கள்ளன் வந்தால் வீட்டுக்காரர் செயலாளருக்குத் தொலைபேசி அடிக்க வேண்டும். அவர் அங்கத்துவத்தை உறுதிசெய்து தலைவருக்கு அறிவிப்பார். தலைவர் உபகுழுவைக் கூட்டுவார். மூன்று பேர் சமுகமளித்தால் கூட்டம் நடத்தக் கோரம் சரி, சுடலாம்.

"கள்ளன் அதுவரைக்கும் நிப்பானோ?" என்று கேட்டா அன்ரனெற்.

"நடைமுறை எண்டு ஒண்டு இருக்குப் பிள்ளை," என்றார் தலைவர். "நடைமுறை இல்லாததாலைதான் அங்கை இவ்வளவு அழிவு."

நான் எழும்பினேன். ஒன்பதாவது விடயத்தை முன்னுக்கு எடுக்க முடியுமா என்று கேட்டேன். ஒக்ரோபர் ஒன்பதாம் திகதி கடைசி நாள் என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"போஸ்மாஸ்டர்," என்றார் மாஸ்டர், மிகக் கனிவாக, "உங்கட துக்கம் எங்கட துக்கம். அதாலைதான் நாங்கள் அதை அவசரப்பட்டுச் செய்ய விரும்பேல்லை. கடிதத்தை நானே எழுதுறன். பொதுக்கூட்டத்திலை, சபைக்கு முன்னாலை, முறைப்படி தாறம்."

பொதுக்கூட்டம் செப்ரெம்பர் கடைசி ஞாயிறு. நவராத்திரி. மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். றிவோல்வர் வாங்க முடியவில்லை. அதற்கான அனுமதிக்கு இன்னும் விண்ணப்பிக்கவும் இல்லை. ஆனால் தெரிவு முடிந்துவிட்டது. தெரிவானதின் படத்தைக் கதவளவுக்குப் பெருப்பித்து மேடையில் வைத்துத் திரை நீக்கினார்கள். நவராத்திரிதானே, ஆயுதபூசையும் ஆகட்டும் என்று ஐயர் படத்துக்குச் சந்தனம் வைத்துப் பூப்போட்டார். பிறகு மௌனம், நேரங்கருதி அரை நிமிடம்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. நானும் தலைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்க, படம் எடுத்தார்கள். மாஸ்டரின் ஆங்கிலம் கடினம். முழுவதும் வாசித்து விளங்க எனக்கு அந்த வெளிச்சத்தில் முடியவில்லை. சாந்தாவின் பெயர் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன். நன்றி சொன்னேன். உண்மையில் கண்ணும் கலங்கியது.

திங்கட்கிழமை ராஜஸ்ரீ சட்டத்தின் பின்னால் இருந்த ஆணிகளைக் கத்தரிக்கோலால் நிமிர்த்திக் கடிதத்தை எடுத்தது. நின்றபடி வாசிக்கத் தொடங்கி, பிறகு இருந்து வாசித்தது.

"சார், இது உங்களைப் பத்தியா?"

"ஓம்."

"போஸ்ட் ஆபீஸ்லதானே இருந்தீங்க?"

"ஓம் பிள்ளை."

எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டியது. திரு. மோகனசுந்தரம் போர் நடந்த வன்னி மண்ணில் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயுத அனுபவம் பெற்றவர். எமது சங்கத்தின் ஆயுத ஆலோசகர். எந்தத் துப்பாக்கியையும் கையில் எடுத்த மாத்திரத்தில் அதன் எடையைச் சொல்லக்கூடியவர். அவர் துணைவியார் சாந்தா களத்தில் வீரச்சாவைத் தழுவிக்கொண்டார்.

"இதை அனுப்பினா உங்க பொண்ணு வரமாட்டா சார்," என்றது ராஜஸ்ரீ. "இயக்கத்துல இருந்தீங்களான்னு உங்களையும் கூப்பிட்டு உக்கார வெச்சு விசாரிப்பாங்க. இதை நான் பார்க்கவே இல்ல." கடிதத்தைத் திரும்பச் சட்டத்துக்குள் வைத்து, ஆணிகளையும் மடித்து, என்னிடம் தந்தது.

அன்று பின்னேரமே மார்க்கத்துக்கு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, மிச்சத்துக்கு நடந்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை, மனம் நொந்துபோனார்.

"நான் மூண்டு இரவு இருந்து எழுதினது. உங்கட மனுசியை எவ்வளவு உயர்த்தி எழுதியிருக்கிறன்."

"அவள் களத்திலை நிக்கேல்லை மாஸ்டர். கஞ்சிக்கு வரிசையிலை நிண்டவள். அதை எழுதித் தாங்கோ. ரெண்டு வரி போதும்."

"கஞ்சிக்கோ?"

"ஓம்."

மாஸ்டர் கதவைக் கொஞ்சம் சாத்தினார், உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பது போல.

"போஸ்மாஸ்டர், இது இருபத்திரண்டு வருசச் சங்கம். லெற்றர்ஹெட்டிலை எங்கட பள்ளிக்கூடத்துக் கோபுரம் கிடக்கு. அதுக்குக் கீழை எங்கட ஊர்ப் பொம்பிளை கஞ்சிக்கு வரிசையிலை நிண்டு செத்தவ எண்டு எழுதேலுமோ? வெள்ளைக்காரன் வாசிச்சால் எங்களைப் பற்றி என்ன நினைப்பான்? பக்கத்து ஊர்ச் சங்கம் கேள்விப்பட்டால்?"

"அவள் அதுக்குத்தான் நிண்டவள்."

"நிண்டிருக்கலாம். நாங்கள் சொல்லவேணும் எண்டில்லை." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "வேணுமெண்டால் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கோ. பொதுக்கூட்டத்திலை நிறைவேறினது, பொதுக்கூட்டந்தான் திருத்தலாம். தைப்பொங்கலோடை வருது."

ஒக்ரோபர் ஒன்பதுக்குப் பதினொரு நாள் இருந்தது.

புதன்கிழமை அன்ரனெற் கடைக்கு வந்தா. பின்கதவுக்குப் பூட்டு வேண்டுமாம். றஸீன் பூட்டை எடுத்துக் கொடுத்து, ஸ்க்ரூவை எப்படி இறுக்குவது என்று காட்டிவிட்டு உள்ளே போனார். அன்ரனெற் போகவில்லை.

"அண்ணை, சாந்தாக்கா உண்மையா எப்பிடிச் செத்தவ? நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. நாங்களும் கேக்கேல்லை."

நான்கு மாதத்தில் முதல்தரம் ஒருவர் கேட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தங்கச்சி சொன்னதுதான். காலமை, வெயில் ஏறமுதல், கையில் ஒரு அலுமினியச் சட்டி. அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றேன். மிச்சம் தாரணிக்குத்தான் தெரியும். சங்கத்தின் கடிதம் சரிவராததையும், இனி நேரில் பார்த்தவர் எழுதினால்தான் உண்டு என்பதையும் சொன்னேன்.

"அப்ப அவளைக் கேளுங்கோவன்."

"சின்னப் பிள்ளை. அதை எழுதச் சொல்லி எப்பிடிக் கேக்கிறது?"

"நீங்கள் கேக்காமல் விட்டால் அவள் மறந்துபோடுவாளோ?" என்றா அன்ரனெற். பூட்டுப் பையை எடுத்துக்கொண்டா. "இஞ்சை எல்லாரும் தங்களுக்குத் தேவையான மாதிரி ஒண்டை எழுதுவினம். பாத்தவளை எழுத விடுங்கோ."

அடுத்த நாள் காலை, முகாமில் அப்போது பின்னேரம், தங்கச்சியின் பக்கத்துக் கூடாரத்துக்காரரின் தொலைபேசிக்கு எடுத்தேன். தாரணி ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். நான் சுற்றிவளைத்துத் தொடங்கினேன். கனடாவில் ஒரு கந்தோர் இருக்கிறது, அங்கே ஒரு அலுவலர் இருக்கிறார் என்று. அவள் இடையில் மறித்தாள்.

"அம்மா செத்ததை எழுதவேணுமோ?"

"ஓம் பிள்ளை. நீர் பாத்ததை."

அவள் என் தங்கச்சியிடம் ஏதோ விசாரிப்பது கேட்டது.

"கொப்பி இல்லை அப்பா. ரீச்சரிட்டை ஒரு ஒற்றைப் பேப்பர் கேக்கவேணும்."

"கேளும்."

"தமிழிலை எழுதலாமோ?"

"தமிழிலைதான். ரீச்சரைக் கொண்டு ஃபக்ஸிலை அனுப்புவிப்பம், இஞ்சை மொழிபெயர்ப்பினம்."

"கஞ்சிக்கு நிண்டது எண்டு எழுதலாமோ? மாமி சொல்லுறா, பெரிய ஆக்களுக்கு எழுதேக்கை அப்பிடி எழுதினால் சரியில்லையாம்."

"எழுதலாம். அப்பிடியே எழுதும்."

"அண்டைக்குக் கஞ்சிக்குள்ளை பால்மா போட்டவங்கள் அப்பா. அது கேள்விப்பட்டுத்தான் நானும் அம்மாவும் வெள்ளன வெளிக்கிட்டு முன்னுக்கு நிண்டனாங்கள். அதையும் எழுதட்டோ?"

எழுதச் சொன்னேன்.